கடையை மூடுவதும் ஓர் அமானிதம்

(நம் சங்கத்தின் வணிகர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழாவையொட்டி வியாபாரத்தில் வெற்றி பெறுவது பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அண்ணன் கேட்டார்கள். "அண்ணே, அது எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. கம்பெனியை மூடிய கதை வேண்டுமானால் சொல்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். "அதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நீ சொல்லு தம்பி" என்றார்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை, கணக்காளரும் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடையில் உட்கார்ந்தவன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் விஷயத்துக்கு அதற்கென உரிமம் பெற்றவர்களைக் கேளுங்கள்.

டன்லப் ஸ்திரீட் பக்கம் எங்கள் கடை இருந்தது. பயணப் பெட்டி, போர்வை, கைப்பேசிச் சாமான். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்தான் வாரம் முழுவதையும் தாங்கும். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட் முறியடிப்பு தொடங்கியது. ஜூனில் ஊர் மெல்லத் திறந்தது, எங்கள் வாடிக்கையாளர்கள் மட்டும் தங்கும் விடுதிகளிலேயே இருந்தார்கள். 2021 செப்டம்பரில் லிட்டில் இந்தியாவுக்கு ஊழியர்களை முன்னோட்டமாக விட்டபோது, வாரத்துக்கு 80 பேர்தான். எங்கள் கடையில் முன்பு ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

அரசாங்கம் நிழல் கொடுக்காமல் இல்லை. சாதாரண நாளில் ஒரு கம்பெனி 15,000 வெள்ளிக்கு மேல் கடன் வைத்து, முறைப்படி எழுத்தில் கேட்டும் மூன்று வாரத்தில் கட்டவில்லை என்றால், கடன்காரர் அதைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம். கொவிட் நேரத்தில் அதை 100,000 வெள்ளியாகவும் ஆறு மாதமாகவும் உயர்த்தினார்கள். 2020 அக்டோபர் 19ஆம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. எங்கள் கம்பெனியை நான் மூடியது 2022ல். இடையில் இருந்த அந்தக் காலத்தில்தான் என் தவறுகள் எல்லாம் நடந்தன.

முதல் தவறு, சரக்கு. கட்ட முடியாது என்று உள்மனசுக்குத் தெரிந்தும், ரமலானுக்கு வியாபாரம் வந்துவிடும் என்று கடனில் சரக்கு எடுத்தேன். சட்டத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 2020 ஜூலை 30 முதல் நடப்பில் இருக்கும் நொடிப்புச் சட்டப்படி, கம்பெனி கட்ட முடியாத நிலையில் இருக்கும்போது, திருப்பிக் கட்ட நியாயமான வழி இல்லாமல் புதுக் கடன் வாங்கினால், தெரிந்தே அதில் ஈடுபட்டவரை அந்தக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பாக்க நீதிமன்றத்தால் முடியும். "பிரைவேட் லிமிடெட்தானே, நமக்கு என்ன" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த 'லிமிடெட்' சுவரில் கதவு உண்டு.

சுவரில் இன்னொரு கதவை நானே வெட்டினேன். வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி கலைந்தாலும் அந்தக் கையெழுத்து கலையாது. இன்றைக்கும் மாதம் பிறந்தால் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இருக்கும் சகோதரிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது இயக்குநர் என்று நம் வீடுகளில் மனைவி பெயரையோ தாயார் பெயரையோ போடுகிறோம். காகிதம் வந்தால் சமையலறையிலேயே கையெழுத்து வாங்குகிறோம். இயக்குநருக்குள்ள பொறுப்பு அவர்களுக்கும் முழுதாக உண்டு. படிக்காமல் போடாதீர்கள், கணவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நகையைக் கொடுத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்துவதும் அப்படித்தான். கம்பெனிக்குள் போன நகை ஈடில்லாத கடன். பங்கு பிரிக்கும்போது அது கடைசி வரிசையில் நிற்கும்.

இப்போது மாமா விஷயம். சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

என் தாய்மாமா கம்பெனிக்கு 18,000 வெள்ளி கடன் கொடுத்திருந்தார்கள். ஊரில் மகள் நிக்காஹ். மற்ற யாருக்கும் கட்டாமல் அவர்களுக்கு மட்டும் முழுதாகக் கொடுத்துவிட்டேன். சொந்தக்காரர் காசை ஏமாற்றிவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதுதான் என் நினைப்பு. ஏழு மாதம் கழித்துக் கம்பெனியைக் கலைத்தோம். வங்கிக் கணக்கைப் பார்த்த கலைப்பாளர் முதலில் விரல் வைத்த இடம் அதுதான். கலைப்பு தொடங்குவதற்கு முந்திய ஓராண்டுக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததை அவர் திருப்பிக் கேட்கலாம். இயக்குநரின் உறவினர் என்றால் இரண்டு ஆண்டு. அதோடு, சலுகை காட்டத்தான் கொடுத்தீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நாம்தான் காட்ட வேண்டும். நிக்காஹ் முடிந்த வீட்டுக்குப் போய், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டேன். அந்த ராத்திரி சிராங்கூன் சாலையில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

நம்மில் பலர் "ஏக்ராவில் ஒரு படிவம் போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்" என்று நினைக்கிறோம். பெயரை நீக்கும் வழி உண்மையில் உண்டு. வியாபாரம் நின்று, சொத்தும் கடனும் இல்லாமல், வரி பாக்கியும் மசேநி பாக்கியும் இல்லாத கம்பெனிக்கு அது. கடன் உண்டு, ஆனால் 12 மாதத்துக்குள் எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்றால், இயக்குநர்கள் அப்படி உறுதிமொழி எழுதிக் கொடுத்துப் பங்குதாரர்களே கலைக்கலாம். கட்ட முடியாது என்றால் கடன்கொடுத்தவர்களைக் கூட்டி, நிலவர அறிக்கையை முன்னால் வைத்து, அவர்கள் பார்வையில் கலைக்க வேண்டும். நாங்கள் செய்தது அதைத்தான். இதுவும் செய்யாமல் இருந்தால் நீதிமன்றம் வழியாக மற்றவர் கலைப்பார். செலவுக்குப் பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். சிறு நிறுவனங்களுக்கென எளிய நடைமுறை ஒன்றை 2021 ஜனவரியில் கொண்டுவந்தார்கள். உங்கள் கம்பெனி அந்த வழிக்குள் வருமா என்று முதலில் விசாரியுங்கள்.

கலைப்பாளர் வந்தபின் காசு போகும் வரிசையும் நம் கையில் இல்லை. அடமானம் வாங்கியவர் தன் அடமானத்தை எடுத்துக்கொள்வார். மிச்சத்தில் கலைப்புச் செலவு, பிறகு வரம்புக்கு உட்பட்டு ஊழியர் சம்பளம், மசேநி, வரி. அதற்குப் பிறகுதான் சரக்குக் கொடுத்தவர், கைமாற்றுக் கொடுத்தவர் எல்லாரும், விகிதப்படி. எங்களிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் சம்பளம் முன்வரிசையில் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். மசேநியை மட்டும் பிறகு கட்டலாம் என்று விடாதீர்கள். தாமதித்தால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி ஏறும்.

மானம் போய்விடும் என்கிறோம். ஆர்ச்சர்ட் ரோட்டில் ராபின்சன்ஸ் கடை நினைவிருக்கும். 1858ல் தொடங்கியது. 2020 அக்டோபர் 30ஆம் தேதி, மூடப்போகிறோம் என்று அறிவித்துக் கலைப்பாளரிடம் ஒப்படைத்தார்கள். மெத்தைக்கு முன்பணம் கட்டியவர்கள்கூடக் கடன்காரர் வரிசையில் நின்றார்கள், வருத்தம்தான். ஆனாலும் கணக்கு வெளியே இருந்தது. அதே ஆண்டு ஹின் லியோங் எண்ணெய் நிறுவனம் விழுந்தபோது, சுமார் 800 மில்லியன் அமெரிக்க டாலர் நட்டத்தைப் பல ஆண்டு மறைத்து வைத்திருந்தது தெரியவந்தது. வங்கியை ஏமாற்றிய குற்றத்துக்கும் போலி ஆவணக் குற்றத்துக்கும் அதன் நிறுவனருக்கு 2024 நவம்பரில் பதினேழரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். நட்டப்பட்டதற்கு யாருக்கும் சிறை இல்லை.

நம் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு முன் வாரிசு எழுந்து நின்று, "மய்யித்திடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று அறிவிப்பதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். கலைப்பாளர் செய்வதும் அதுதான். கடன் உள்ளவர்கள் இத்தனை தேதிக்குள் வந்து எழுதுங்கள் என்று அறிவிப்புக் கொடுக்கிறார். எங்கள் கம்பெனியின் பெயரை அச்சில் அப்படிப் பார்த்தபோது அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

உத்தரவாதத்தால் சொந்தக் கடன் மிஞ்சினால் அதற்கும் வழி இருக்கிறது. 150,000 வெள்ளிக்கு மிகாத கடனும் நிலையான வருமானமும் உள்ளவருக்குக் கடனடைப்புத் திட்டம் உண்டு. தகுதி இருந்தால், நொடித்துப்போனவர் என்று அறிவிக்கப்படாமலே ஐந்து ஆண்டு வரை தவணையில் கட்டலாம். ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள். நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டால், அனுமதி இல்லாமல் இயக்குநராக இருக்க முடியாது. கம்பெனி மட்டும் முறையாகக் கலைந்தால் அந்தத் தடை இல்லை. இப்போது நான் நடத்தும் சிறிய வியாபாரம் அப்படித் தொடங்கியதுதான்.

மாமா 18,000 வெள்ளியையும் திருப்பிக் கட்டினார்கள், இரண்டு தவணையில். பிறகு மற்றவர்களைப் போலப் படிவம் நிரப்பித் தன் கடனை எழுதினார்கள். கிடைத்தது வெள்ளிக்கு ஒன்பது காசு. ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தார்கள். "உன் கூட்டாளி ஒருத்தன் கடை சிரமத்தில் இருக்கிறதாமே, அவனிடம் எனக்கு நடந்ததைச் சொல்லு" என்றார்கள். அவர்கள் அனுமதியோடுதான் இன்று இதைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பின்வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பேச வேண்டும் என்று தோன்றுபவர்கள் வாருங்கள். கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கையும், யார் யாருக்கு எவ்வளவு என்று உங்கள் கையால் எழுதிய பட்டியலையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.