பழைய வண்டிக்கு என்ன விலை சொல்வது?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று பழைய வண்டியை விற்பதைப் பற்றிச் சிந்திக்கப் போகிறோம். மறையுரையில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் குருக்களாகிய எங்களிடம் மூவொரு கடவுளின் மறைபொருளைப் பற்றி விளக்கம் கேட்டு வருகிறவர்களைவிட, "சாமி, வண்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கோம், எவ்வளவு சொல்லலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அது நல்ல கேள்விதான். அந்தக் கேள்விக்குள் மனச்சான்று இருக்கிறது. இல்லாவிட்டால் எங்களிடம் ஏன் கேட்க வேண்டும், தரகரிடமே கேட்டுக்கொள்ளலாமே.

போடிநாயக்கனூரில் ஒரு பழைய வண்டி கைமாறுவது சின்ன விஷயம் அல்ல. காலை இருட்டில் கிளம்பி போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் எத்தனையோ கை மாறியவை. ஒருவர் பதினைந்து வருடம் ஓட்டி முடித்ததை வாங்கித்தான் இன்னொருவர் பிழைப்பைத் தொடங்குகிறார். நகையை அடகு வைத்து, குழுவில் கடன் எடுத்து அந்தப் பணத்தைக் கொண்டு வருகிறார். ஆகவே நாம் சொல்லும் விலை, இன்னொரு குடும்பத்தின் அடுத்த மூன்று வருடச் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டது.

திருவிவிலியத்தில் இதற்கு நேரடியான வழிகாட்டுதல் உண்டா? உண்டு. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யூபிலி ஆண்டு என்பது ஐம்பதாம் ஆண்டு. அப்போது விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். அப்படியானால் இடையில் ஒருவர் நிலத்தை விற்கும்போது எப்படி விலை வைப்பது? அடுத்த யூபிலிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். ஆண்டுகள் அதிகம் இருந்தால் விலை கூட, குறைவாக இருந்தால் விலை குறைவு. ஏனென்றால் விற்கப்படுவது நிலமே அல்ல, மீதி இருக்கும் அறுவடைகள்தான் என்று அந்தப் பகுதி சொல்கிறது. அதற்கு முன்னும் பின்னும், ஒருவரை ஒருவர் வஞ்சிக்கக் கூடாது என்ற கட்டளை வருகிறது.

மூவாயிரம் ஆண்டுப் பழமையான இந்த மரபைப் பழைய வண்டிக்கு அப்படியே பொருத்திப் பார்க்கலாம். நாம் விற்பது இரும்பையும் நான்கு சக்கரத்தையும் அல்ல. மீதி இருக்கும் ஓட்டத்தைத்தான் விற்கிறோம். வாங்கியபோது ஆறு லட்சம் கொடுத்தோம் என்பது நம் கதை. அந்த ஆறு லட்சத்தின் பெரும்பகுதியை நாமே ஓட்டித் தீர்த்துவிட்டோம். வேளாங்கண்ணிக்குப் போனோம், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனோம். அந்த அறுவடை நம் வீட்டுக்குள் வந்தாயிற்று. அதை இன்னொருவரிடம் மறுபடி விற்க முடியாது.

இன்சூரன்ஸ்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வண்டியின் மதிப்பை ஓராண்டு தாண்டியதும் 20 விழுக்காடு, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டி ஐந்து வரை 50 விழுக்காடு என்று கழிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அட்டவணையே கிடையாது. இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அட்டவணை முடியும் இடத்தில்தான் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது.

சரி, எப்படிக் கணக்கிடுவது? முதலில், அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே ஓட்டம் உள்ள வண்டி நம் பக்கத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரிக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை, கிடைத்த விலை அல்ல. ஏலக்காய் விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது என்று ஊரெல்லாம் பேசினோம். அது அன்றைய அதிகபட்ச விலை. சராசரி வெகு கீழே இருந்தது. அந்த 7,000-ஐ மனதில் வைத்துக்கொண்டு சரக்கை மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் பிறகு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். யாரோ ஒருவருடைய பழைய மாருதி நல்ல விலைக்குப் போனது என்றால் அது அவருடைய 7,000. நம்முடையது வேறு.

அடுத்ததாக, வாங்கியவுடன் அவர் கையிலிருந்து செலவாகப் போவதைக் கழிக்க வேண்டும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பதிமூன்று வருடக் கார். அதே போன்றது இங்கே ஒன்றரை லட்சத்துக்குப் போகிறது. நம்முடையதில் டயர் நான்கும் தேய்ந்துவிட்டன, கிளட்ச் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. மெக்கானிக்கிடம் கேட்டால் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் என்கிறார். அப்படியானால் நியாயமான விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். இன்னும் இரண்டு வருடத்தில் பதினைந்து வருடப் பதிவு முடிகிறது. புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும், தமிழ்நாட்டில் பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பழைய காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமும் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கப்பட்டது. இதையும் நினைத்துப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். இது அந்த யூபிலிக் கணக்கேதான்.

இங்கே ஒருவர் கேட்பார்: "சாமி, ஒண்ணு இருபதுதான் நியாயம்னா, வாயில ஒண்ணு முப்பத்தஞ்சு சொன்னா பாவமா?" நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பாவம் இல்லை. நியாய விலை என்பது துல்லியமாகத் தராசு முள்ளில் நிற்பதல்ல, ஒருவகை மதிப்பீடு. சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ நீதி கெட்டுவிடாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பேரம் பேச இடம் விட்டுச் சொல்வது நம் ஊர் வழக்கம், சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனால் "நேத்துதான் ஒருத்தர் ஒண்ணு நாப்பதுக்குக் கேட்டாரு, நான்தான் கொடுக்கல" என்று வராத ஆளை வந்ததாகச் சொல்வது பொய். விலையைக் கூட்டிச் சொல்வதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல.

அதே அக்குவினாஸ் தம் பெரிய இறையியல் நூலின் இரண்டாம் பகுதியில், 77ஆம் வினாவை முழுக்க முழுக்க வாங்கல் விற்றலில் நடக்கும் ஏமாற்றுக்கே ஒதுக்கியிருக்கிறார். அவர் காலத்தில் கார் இல்லை, குதிரை இருந்தது. குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால் வாங்குகிறவரே பார்த்துக்கொள்வார். அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், விலையில் குறைத்துக்கொண்டால் போதும் என்கிறார். கண்ணுக்குத் தெரியாத குறை என்றால், அதிலும் வாங்குகிறவருக்கு ஆபத்தோ நட்டமோ தரும் குறை என்றால், விற்கிறவர் சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை வேகமான குதிரை என்று விற்கக் கூடாது, விழப்போகும் வீட்டை உறுதியான வீடு என்று விற்கக் கூடாது.

கதவில் நசுங்கல் இருக்கிறது, பெயிண்ட் போயிருக்கிறது என்றால் அது ஒற்றைக் கண் குதிரை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால்? ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால்? சேசிஸில் வெல்டிங் வைத்திருந்தால்? போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் அது தெரிய வரும். அப்போது வண்டிக்குள் பத்துப் பெண்கள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார்கள். இது விலையைக் குறைத்துச் சரிசெய்யக்கூடிய குறையே அல்ல. ஐயாயிரம் குறைத்துக் கொடுத்துவிட்டோம், இனி அவர் பாடு என்று கைகழுவ முடியாது. அதைச் சரிசெய்து விற்க வேண்டும். முடியாவிட்டால் வெளிப்படையாகச் சொல்லி, சரிசெய்யாமல் மலையேற்ற மாட்டேன் என்று உறுதி தருகிறவரிடம் விற்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போடுவதே மேல்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. நீரில் மூழ்கிய கார் கழுவித் துடைத்து நிறுத்தினால் பளபளவென்றிருக்கும். வயரிங்கில் துரு ஏறி, ஒரு வருடம் கழித்து நடுவழியில் நிற்கும். இதைச் சொல்லாமல் விற்பது, ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுவதைப் போன்றது. சாயம் ஏற்றியதை நாம் எவ்வளவு கோபத்தோடு பேசுகிறோம்! நம் தோட்டத்துக் காயின் பெயர் கெடுகிறதே என்று குமுறுகிறோம். கிலோமீட்டர் மீட்டரைப் பின்னால் சுற்றிவைப்பதும், பட்டி பார்த்துத் துருவை மறைப்பதும் அதே சாயம்தான். படியைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கிய வணிகர்களை இறைவாக்கினர் ஆமோஸ் சாடினாரே, இன்று மீட்டரைச் சுற்றுகிறவர்களையும் அவர் விட்டிருக்க மாட்டார்.

இன்னொரு சோதனை, வாங்குகிறவருடைய அவசரம். காய் பறிக்கும் காலம் தொடங்கிவிட்டது. ஒருவருடைய ஜீப் இன்ஜின் போய்விட்டது. நாளைக்கே வண்டி இல்லாவிட்டால் தோட்டத்தில் அவர் இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்வார். அவருக்கு இந்த வண்டி இன்று இரண்டு லட்சம் பெறும். கேட்டால் கொடுப்பார். கேட்கலாமா? அக்குவினாஸ் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். அந்தப் பொருளைக் கொடுப்பதால் நமக்கு இழப்பு என்றால் அந்த இழப்பை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். வாங்குகிறவருக்கு மட்டும் அதிகப் பயன் என்றால் அதற்காக விலையைக் கூட்டக் கூடாது. ஏனென்றால் அவருடைய தேவை நமக்குச் சொந்தமானது அல்ல, நமக்குச் சொந்தமில்லாததை நாம் விற்க முடியாது. திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பிறருடைய அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவதை ஏழாம் கட்டளைக்கு எதிரானது என்று 2409ஆம் எண்ணில் வைத்திருக்கிறது.

இதுவரை விற்கிறவர்களையே பேசினோம். வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். மட்டம், மட்டம் என்று சொல்லி வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போனதும் பெருமையடித்துக்கொள்ளும் ஆளை நீதிமொழிகள் நூல் 20ஆம் அதிகாரத்தில் படம்பிடித்து வைத்திருக்கிறது. கணவரை இழந்த ஒரு சகோதரி, அவர் ஓட்டிய காரை விற்க நிறுத்தியிருப்பார். வண்டியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அழுது முடிக்கவில்லை, அதற்குள் கடன்காரர் வாசலில். அங்கே நான்கு பேர் சேர்ந்து போய், ஆளாளுக்கு ஒரு குறை சொல்லி, பாதி விலைக்கு இறக்குவது ஊரில் சாமர்த்தியம் எனப்படுகிறது. நியாய விலை இரண்டு பக்கமும் வெட்டும். விற்கிறவர் பொருளின் மதிப்பு தெரியாமல் குறைத்துக் கொடுத்தால், தெரிந்து வாங்கியவர் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே 77ஆம் வினாவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட சகோதரிகளுக்கு நாம் சொல்வது: முதலில் வந்தவரிடம் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. வாங்கும் ஆளுக்கு உறவில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் வண்டி தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து பக்கத்தில் நிற்பார்கள்.

கடைசியாகக் காகிதம். தொடக்கநூல் 23ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சாராவை அடக்கம் செய்ய மக்பேலா குகையை வாங்குகிறார். எப்ரோன் முதலில் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார், பிறகு 400 வெள்ளிக்காசு என்று மெதுவாக வாய்விடுகிறார். ஆபிரகாம் பேரம் பேசவில்லை. நகர் வாயிலில் எல்லாரும் கேட்க, எடைபோட்டுக் கொடுக்கிறார். வயல், குகை, அதிலிருக்கும் மரங்கள் வரை கணக்கில் வருகின்றன.

நாமோ வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். வண்டி இரண்டு கை, மூன்று கை மாறுகிறது, ஆர்.சி.யில் நம் பெயரே நிற்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது: இடையில் எத்தனை பேருக்கு விற்றிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு இழப்பீடு தர வேண்டியவரும் அவரே. வண்டியை விற்று நான்கு வருடம் கழித்து நோட்டீஸ் வரும். அடிபட்டவரின் குடும்பம் ஒரு பக்கம், இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒரு பக்கம், நடுவில் நாம்.

ஆகவே விலை பேசும்போதே பெயர் மாற்றும் செலவு யாருடையது என்றும் பேசிவிடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் தீர்த்துத் தடையின்மைச் சான்று வாங்குங்கள். படிவம் 29, 30 இரண்டையும் முழுமையாக நிரப்பி, விற்ற 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. மலைக்கு மேலே கேரளப் பதிவுக்குப் போகிற வண்டி என்றால் நம் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று தனியாக எடுக்க வேண்டும், அங்கே வரியும் உண்டு. வாங்குகிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், முன்பணம் வாங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே தேனிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். அந்த வண்டியிலேயே போங்கள். ஐம்பது ரூபாய் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. போகிற வழியில் கியர் எங்கே மக்கர் செய்யும், குளிர் காலையில் எப்படி ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடலாம்.