காற்றைச் சலிக்கும் கல்



இந்த அரங்கத்தில் வழக்கமாகக் கேள்வி கேட்கும் நாற்காலியில்தான் என்னைப் பார்த்திருப்பீர்கள். இன்று பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் படித்தது பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. அறிவியல் பாடம் ஐந்தாம் படிவத்தோடு என்னை விட்டுப் போய்விட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆகவே, இதை ஒரு பேராசிரியரின் சொற்பொழிவாக எண்ணாமல், ஒரு மகள் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்ட செய்தியாகக் கேளுங்கள்.

என் கையிலிருக்கும் இந்தப் போத்தலில் வெள்ளை மணிகள் இருக்கின்றன. ஜவ்வரிசி என்றுதான் என் அம்மா முதலில் நினைத்தார். இது ஒரு கல். பெயர் சியோலைட். இது எங்கள் வீட்டுக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கு இருந்த நிலை உங்களுக்கு மறந்திருக்காது. ஆக்சிஜன் செறிவூட்டி என்ற இயந்திரத்தின் பெயரை நம்மில் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம். என் அப்பா நாற்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். சிகரெட்டும் அதே நாற்பது ஆண்டுகள். நுரையீரல் ஏற்கெனவே பழுது. கோவிட் வந்து போன பிறகு வீட்டில் ஆக்சிஜன் தேவை என்று மருத்துவர் சொல்ல, 5 லிட்டர் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். நான்கு மாதம் ஓடியது, அப்பா தேறினார். இயந்திரத்தைத் துடைத்து, பழைய போர்வையால் மூடி, படிக்கட்டுக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு நவம்பர் இரவில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இயந்திரத்தை இழுத்து வந்து போட்டோம். நன்றாகவே ஓடியது. அளவுக் குழாயில் குண்டு 2 லிட்டரில் நின்றது. தண்ணீர்ப் போத்தலில் குமிழ்கள் வந்தன. ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. "மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே" என்றார் அம்மா. சாலை விளக்குக் கணக்கு. நானும் ஆமாம் என்றேன். விரல் கருவி 83 காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஏறும் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். ஏறவில்லை. 999 அழைத்தோம்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: "வீட்டில் ஆக்சிஜன் கொடுத்தீர்களா?" கொடுத்தோம் என்றேன். இரண்டு லிட்டர் என்று அளவும் சொன்னேன். அது உண்மை இல்லை என்பது எனக்கே அடுத்த வாரம்தான் தெரிந்தது.

இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த இளைஞர், குழாயின் முனையில் ஒரு சிறு அளவியைப் பொருத்தினார். 41 என்று காட்டியது. "அக்கா, இது தொண்ணூறுக்கு மேலே இருக்கணும். சும்மா வீட்டுக் காற்றே இருபத்தொண்ணு" என்றார். பிறகு உள்ளேயிருந்து இரண்டு உருளைகளை எடுத்து, ஒன்றைத் திறந்து, இந்த மணிகளை என் உள்ளங்கையில் கொட்டினார். "ஈரம் குடிச்சிடுச்சு. இதுக்கு ஈரம் ஆகாது."

ஒரு கல் ஈரத்தைக் குடிக்குமா? அன்றிரவு முதல் அதைப் படிக்கத் தொடங்கினேன்.

1756 ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டின் கனிமவியலாளர் ஆக்சல் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைத் தீயில் காட்டினார். அது நுரைத்துக் கொதித்தது. கல்லுக்குள் ஒளிந்திருந்த நீர் ஆவியாக வெளியேறியதுதான் காரணம். கிரேக்க மொழியில் கொதித்தல், கல் என்னும் இரு சொற்களைச் சேர்த்து அவர் வைத்த பெயரே சியோலைட். எரிமலைச் சாம்பல் நீரோடு சேர்ந்து நெடுங்காலம் கிடந்தால் இந்தக் கல் உண்டாகும். இந்தியாவில் புனே, நாசிக் வட்டாரக் கருங்கல் குவாரிகளில் பாறைப் பொந்துகளுக்குள் பூப்போலப் பூத்துக் கிடக்கும். ஆனால், நம் இயந்திரத்துக்குள் இருப்பது தொழிற்சாலையில் செய்தது. அமெரிக்காவின் யூனியன் கார்பைட் நிறுவனத்தில் ராபர்ட் மில்டன் என்பவர் 1940களின் இறுதியில் தொடங்கிய வேலை அது.

இதன் உட்கட்டமைப்பை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ஒரே அச்சில் கட்டிய அடுக்குமாடி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா அறைக்கும் ஒரே அளவு. எல்லாக் கதவுக்கும் ஒரே அகலம். சிலிக்கன் அணு ஒன்று, சுற்றிலும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள். இந்த நான்கு மூலைக் கட்டிகள் மூலையோடு மூலை சேர்ந்து அறைகளாகின்றன. கதவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அறைகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், ஒரு கிராம் கல்லின் உட்பரப்பு முழுவதையும் விரித்துப் போட்டால் பல நூறு சதுர மீட்டர் வரும். ஐந்தாறு பூப்பந்து மைதானங்கள்!

இதை மூலக்கூறுச் சல்லடை என்கிறார்கள். நானும் மாவு சலிப்பதுபோல, சிறியது விழும், பெரியது நிற்கும் என்றே நினைத்தேன். ஆக்சிஜன் இயந்திரத்தில் நடப்பது அதுவல்ல. ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன். இரண்டுமே இந்தக் கதவுகளில் தாராளமாக நுழையும். வேறுபாடு, உள்ளே போனபின் யாரைக் கல் பிடித்து வைக்கிறது என்பதில்தான்.

கட்டடத்தில் சில இடங்களில் சிலிக்கனுக்குப் பதிலாக அலுமினியம் உட்கார்ந்திருக்கும். அதனால் அங்கே ஒரு எதிர்மின் சுமை மிஞ்சுகிறது. அதைச் சமன்செய்ய, நேர்மின் கொண்ட சோடியம், கால்சியம், லித்தியம் போன்றவை அறைகளில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. அவைதான் நைட்ரஜனை ஆக்சிஜனைவிட வலுவாக ஈர்க்கின்றன. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் நைட்ரஜன் கல்லில் தங்கும். ஆக்சிஜன் வெளியேறி நோயாளிக்குப் போகும். சில நொடிகளில் கல் நிரம்பிவிடும். அப்போது அழுத்தத்தைத் திறந்துவிட்டால் நைட்ரஜன் தானாக விலகி வெளியே போகும். இயந்திரம் விட்டு விட்டு 'உஸ்' என்று பெருமூச்சு விடுகிறதே, அது அதுதான். ஓர் உருளை பிடிக்கும்போது மற்றொன்று விடும். 1950களின் இறுதியில் சார்ல்ஸ் ஸ்கார்ஸ்ட்ரோம் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய முறை இது. காற்றிலுள்ள ஒரு விழுக்காடு ஆர்கானை இந்தக் கல் பிடிப்பதில்லை; அது ஆக்சிஜனோடு கூடவே வந்துவிடும். நல்ல இயந்திரமும் 95 விழுக்காட்டுக்கு அருகில் நின்றுவிடுவது அதனால்தான்.

சரி, ஈரம் எங்கே வருகிறது? நைட்ரஜனைவிடப் பல மடங்கு ஆசையோடு இந்தக் கல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை அழுத்தத்தைக் குறைத்தாலும் லேசில் விடாது. இருநூறு முந்நூறு பாகை சூடாக்க வேண்டும். குரோன்ஸ்டெட்டின் தீயில் கல் கொதித்ததும் எங்கள் வீட்டு இயந்திரம் கெட்டதும் ஒரே குணத்தால்தான்! ஓடும் இயந்திரம் உள்ளே வரும் ஈரத்தில் பெரும்பகுதியை நைட்ரஜனோடு சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றுபோன இயந்திரத்தில் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே ஊர்ந்து, அறை அறையாகக் குடியேறிவிடும். நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் இரண்டு மழைக்காலம் அதைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்திருந்தோம்.

கல்லைக் குறை சொல்ல முடியாது. இதே குணங்களால் அது செய்யும் வேலைகள் ஏராளம். சலவைத் தூளில் பாஸ்பேட்டுக்கு மாற்றாக வந்து, நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. 1960களிலிருந்து கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்து பெட்ரோலாக்க உதவுகிறது. 2011இல் புகுஷிமா அணுமின் நிலையத்தில் கதிரியக்க சீசியத்தைப் பிடிக்க இதை மூட்டை மூட்டையாக நிலவறையில் போட்டார்கள். அது பிடித்ததில் மூட்டைகளே நெருங்க முடியாத கதிரியக்கம் கொண்டவையாகி, அவற்றை எடுக்க ரோபோக்களை நாட வேண்டியதாயிற்று. இறால் வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு சொல்: நன்னீரில் அம்மோனியாவைக் குறைக்க இந்தக் கல் உதவும். உப்பு நீரில் சோடியம் போட்டிக்கு வந்துவிடுவதால் அந்தப் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். மூட்டை வாங்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

என் அத்தை ஒருவர் சியோலைட் சொட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறார். உடம்பிலுள்ள நச்சையெல்லாம் உறிஞ்சுமாம், புற்றுநோயும் போகுமாம். தொட்டியிலும் உருளையிலும் கல் செய்யும் வேலையைக் காட்டி, அதையே உடம்புக்குள் செய்யும் என்று விற்கிறார்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று இல்லை. இதே குடும்பத்தில் எரியோனைட் என்றொரு நார்க்கல் உண்டு. துருக்கியின் கப்படோசியா வட்டாரத்தில் காராயின், துஸ்கோய் முதலான கிராமங்களில் அந்த நாரைச் சுவாசித்த எத்தனையோ பேர் நுரையீரல் உறைப் புற்றுநோயால் மாண்டார்கள். 'இயற்கையான கல்' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். கேட்டாரா என்பது வேறு விஷயம்.

இயந்திரத்துக்கு வருகிறேன். 2021இல் வாங்கியது எத்தனை வீடுகளில் இப்படித் தூங்குகிறதோ! அளவுக் குழாயிலுள்ள குண்டு எத்தனை லிட்டர் காற்று வருகிறது என்றுதான் காட்டும்; அதில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டாது. அதைச் சொல்வது அந்த மஞ்சள் விளக்கு. ஆக்சிஜன் 82 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்க வேண்டும் என்பது இந்த வகை இயந்திரங்களுக்கான அனைத்துலகத் தரவிதி. மலிவானவற்றில் அந்த விளக்கே இருக்காது. மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவானதா என்று பார்த்து வாங்குங்கள். யாராவது பழையதை இரவல் கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, முதலில் அளவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும் இயந்திரத்தை மாதம் இரண்டு முறையாவது சில மணி நேரம் ஓடவிடச் சொன்னார் அந்த இளைஞர். தூசி வடிகட்டியைக் கழுவினால் நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டுவது கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல. ஓடும்போது பக்கத்தில் சாமி விளக்கு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் கூடாது. எத்தனை லிட்டர் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அப்பாவைப் போன்ற நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினாலும் ஆபத்து.

அப்பா ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினார். இயந்திரத்துக்குப் புதிய உருளைகள் போட்டோம். இப்போது அது கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் ஓடவிடுகிறோம். யாருக்கும் மூச்சு வாங்காத நேரத்தில் இதற்கு எதற்கு மின்கட்டணம் என்று அப்பா முணுமுணுப்பார். அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல், எழுந்து போய் அந்த விளக்கு என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவார்.