சின்ன அடிதானே என்று இருந்துவிடாதீர்கள்
(மாதாந்திரக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



சுபுஹுக்கு ஒளு செய்யப்போன என் வாப்பா வழுக்கி விழுந்தார்கள். நெற்றியில் சின்ன வீக்கம். "ஒன்றுமில்லை" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். அஸருக்குள் பேச்சு குழறியது. ஸ்கேனில் மூளையில் இரத்தக் கசிவு. அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார்கள். என் அலட்சியத்தை நான் மறக்கவில்லை.

வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சபான் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குத் தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக வலி மாத்திரை கொடுக்காதீர்கள்.

முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும், சில நாட்கள், வாரங்கள் கழித்தும் கசியலாம். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், தடுமாற்றம், ஒரு பக்கம் பலவீனம் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. அதனால் பக்கவாதம் வரலாம்.

பள்ளிவாசல் ஒளு இடத்திலும் வீட்டுக் குளியலறையிலும் பாசி பிடிக்காமல் தேய்த்து வையுங்கள், கைப்பிடி பொருத்துங்கள். முதுமையில் பெற்றோரைப் பேணுவது நம்மீது கடமை. அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.