நிறுத்துவதும் வைத்தியமே

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளில் நாங்கள் இங்கு படித்தபோது வன்னிக்குள் மருந்து வருவதே அரிது. பொருளாதாரத் தடை மருந்தையும் விடவில்லை. ஒரு குளிசை கிடைத்தால் அது பொக்கிஷம். அப்படி வளர்ந்த எங்களுக்கு, குளிசையை நிறுத்துவதும் வைத்தியம்தான் என்று விளங்க நெடுங்காலம் எடுத்தது. விளங்கவைத்தவர் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்.

எழுபதைத் தாண்டிய அவருக்குக் கால் வீக்கம். நடந்தால் மூச்சு வாங்கும். இருதயம் பலவீனம் என்று கண்டு, துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரொலோலும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் எனலாப்ரிலும் எழுதினோம். அடுத்த கிளினிக்கில் அளவைக் கூட்டினோம். அவர் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார்.

"பிள்ளை, உங்கட குளிசை போட்டால்தான் எனக்கு ஏலாமல் வருது" என்றார். நாங்கள் நம்பவில்லை. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று திருப்பிக் கேட்டோம்.

இரண்டாம் முறை விழுந்த பிறகே அவருடைய பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டினோம். பல வருடமாக இருந்த பிறஷர் தானாகவே இறங்கியிருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நெருக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. எக்கோவில் இருதயச் சுவர் தடித்திருந்தது, இ.சி.ஜி.யிலோ அலைகள் சிறுத்திருந்தன. இவை சேர்ந்து வந்தால் நினைக்க வேண்டிய நோய் இருதய அமிலோயிடோசிஸ். மேலதிக பரிசோதனைகள் அதை உறுதிசெய்தன.

இந்நோயில், மடிப்புக் குலைந்த புரதம் இழைகளாகி இருதயத் தசைக்குள் படிகிறது. இருதயம் விறைத்துப்போகிறது. அது சின்ன வாளி மாதிரி. ஒரு தரத்துக்குக் கொஞ்சத் தண்ணீர்தான் வரும். தோட்டம் நனைய வேண்டுமென்றால் கெதியாக அள்ள வேண்டும். பிசோப்ரொலோல் அள்ளுகிற கையைப் பிடித்து வைக்கிறது. நரம்புகளும் பழுதுபட்டிருப்பதால், எனலாப்ரில், லொசாட்டன் போன்றவை எழும்பி நிற்கும்போது பிறஷரை விழுத்திவிடும். வெராபமில், டில்டியாசெம் தவிர்க்க வேண்டியவை. டிகொக்சினுக்கு மிகுந்த அவதானம் வேண்டும். கைகொடுப்பது ஃபுரூசமைட் என்ற நீர்க்குளிசை. அதுவும் சித்திரை வெயிலில் கூடினால் ஆளை வாட்டிவிடும். இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறினால், இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து பெரும்பாலும் அவசியம்.

நோயின் மூலத்தை நோக்கிய மருந்துகளும் வந்துள்ளன. ட்ரான்ஸ்தைரெட்டின் புரதத்தால் வரும் வகைக்கு டஃபமிடிஸ். 2018இல் வெளியான, 441 பேர் பங்குபற்றிய ஆய்வில், 30 மாதத்தில் அதை எடுத்தோரில் 29.5 சதவீதமும், மருந்தில்லாக் குளிசை எடுத்தோரில் 42.9 சதவீதமும் இறந்தனர். ஆனால் அதன் விலை எங்கள் மக்களுக்கு எட்டாதது. என்புமச்சைக் கலங்களிலிருந்து வரும் மற்ற வகைக்கு வைத்தியம் வேறு. அங்கே தாமதம் உயிரைப் பறிக்கும். ஆகவே எந்த வகை என்று முதலிலேயே பார்ப்பது அவசியம்.

எங்கள் ஆசிரியைக்கு எனலாப்ரிலை நிறுத்தினோம். பிசோப்ரொலோலைப் படிப்படியாகக் குறைத்து விட்டோம். தினமும் காலையில் நிறை பார்த்து எழுதச் சொன்னோம். ஆசிரியை அல்லவா, ஒரு நாளும் தவறவில்லை. நிறை ஏறினால் நீர்க்குளிசையைக் கூட்டினோம், இறங்கினால் குறைத்தோம். நோய் போகவில்லை. ஆனால் அவர் பிறகு விழவில்லை. கோயிலுக்கு நடந்து போனார். இன்று அவர் இல்லை. முதல் நாளே அவர் சொல்லைக் கேட்டிருக்கலாமே என்ற கவலை எங்களுக்கு இருக்கிறது.

இதைக் கேட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதே குளிசைகள் வேறு இருதய நோயாளர் பலரை உயிரோடு வைத்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து குளிசை அனுப்புவோர் கிளினிக்குக்கும் தெரியப்படுத்துங்கள். தொலைபேசியில் அம்மாவிடம், "மருந்து போட்டீங்களோ?" என்று எல்லோரும் கேட்கிறோம். இனி இன்னொன்றும் கேட்போம்: "போட்ட பிறகு உங்களுக்கு எப்படி இருக்கு?" அவர் சொல்லும் பதிலை நம்புவோம்.