புதுக் கணக்கில் பழைய கடன்

(சித்திரைப் புத்தாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாள் பார்த்துப் புதுக் கணக்கு எழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. பிரித்தானியாவில் அந்தக் கணக்குக் கொப்பி இப்போது கணனிக்குள் போய்விட்டது. 2022 ஏப்ரல் முதல், விலக்குப் பெற்ற சிலரைத் தவிர, வட் வரிக்குப் பதிந்த எல்லா வியாபாரங்களும் மின்பதிவு வைத்திருக்க வேண்டும். கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், கட்டாத பழைய பில்களைப் புதிய மென்பொருளில் ஏற்றும் விதத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு கடையை உதாரணமாக எடுப்போம். மார்ச் 31 இல் கடன்கொடுத்தோர் 2,400 பவுண். அரிசிக்காரருக்கு 1,240, மொத்த வியாபாரிக்கு 860, குளிர்பெட்டி திருத்தினவருக்கு 300. "ஒரே வரியில 2,400 எண்டு போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். தொகை சரிவரும். ஆனால் ஆருக்கு எவ்வளவு, எப்ப கட்டவேணும் எண்டு கணனிக்குத் தெரியாது. ஒரு பில்லுக்கு இரண்டு தரம் காசு போகும். இன்னொன்று கட்டாமலே கிடக்கும். நம்பிக் கடனுக்குச் சாமான் தந்தவரிடம் எங்கள் நாணயம் கெட்டுவிடும்.

ஆகவே ஒவ்வொரு பில்லாக ஏற்றுங்கோ: பெயர், பில் இலக்கம், பழைய திகதி, கட்டவேண்டிய திகதி, மிச்சத் தொகை. எதிர்ப்பக்கத்தை வாடகை, கொள்வனவு போன்றவற்றில் போட்டால் போன வருடச் செலவு இந்த வருடமும் ஏறிவிடும். 'ஆரம்ப மீதி இடைக்கணக்கு' என்று ஒன்றைத் திறந்து அதில் போடுங்கோ. முன்பே கழித்த வட் வரியை மறுபடி பிரிக்க வேண்டாம். காசு கட்டிய பிறகே வட் கழிப்பவர்கள் கணக்காளரிடம் கேட்டுச் செய்யவேணும்.

பிறகு மார்ச் 31 திகதியிட்டு ஆரம்ப நாளேட்டுப் பதிவு. டெபிட்டில் சரக்கு 9,000, வங்கி 3,400, தளபாடம் 5,000. கிரெடிட்டில் வங்கிக் கடன் 4,000, முதல் 11,000, இடைக்கணக்கு 2,400. இரண்டு பக்கமும் 17,400. இங்கே கடன்கொடுத்தோரை மறுபடி எழுதினால் கடன் 4,800 ஆகிவிடும், கவனம்! முடிவில் இடைக்கணக்கு பூச்சியமாக வரவேணும். வராவிட்டால் மேற்கொண்டு போகாமல் பிழையைத் தேடுங்கோ.

இன்னும் இரண்டு விஷயம். 03/04 என்றால் இங்கே ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் மார்ச் 4. ஏற்றமுன் மென்பொருளின் திகதி முறையைப் பாருங்கோ. மற்றது, எங்கள் ஊர்ப் பாடப்புத்தகத்தில் 'வரவு' என்றால் டெபிட். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அதே சொல் கிரெடிட். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கோ.

பழைய கொப்பியை எறிந்துவிடாதேயுங்கோ. கம்பனியாக நடத்துபவர்கள் அந்த நிதியாண்டு முடிந்து 6 வருடம் வைத்திருக்க வேண்டும். கொப்பி மாறினாலும் கொடுக்க வேண்டிய கடன் மாறாது. அதைப் பெயரோடும் திகதியோடும் கொண்டுவந்தால்தான் புதுக் கணக்கு உண்மையான கணக்கு.