வண்டிச் செலவு

பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, உங்களில் பலர் இன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, உங்கள் பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க இங்கே வந்திருக்கிறீர்கள். நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

பிள்ளைகளே, வணிகவியல் படித்தவர்களும் சமூகப்பணி படித்தவர்களும் ஒரே மேடையில் பட்டம் வாங்குகிறீர்கள். ஒரு கூட்டம் கணக்குப் பார்க்கும், இன்னொரு கூட்டம் களத்துக்குப் போகும். வெளியே போன பிறகு இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. அதனால் ஏழைகளுக்கு நேரும் நட்டத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் தணிக்கையாளன். மதுரையில் மில், ஜவுளிக் கடை, நகைக் கடை என்று பெரிய கணக்குகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தொழில் எதற்காக என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை, சிறிய அறக்கட்டளைகள் நூல் கட்டி அனுப்பும் வவுச்சர் கட்டுகள்தான்.

மதுரைக்கு மேற்கே கிராமப்புறத்தில் ஓர் அறக்கட்டளை. பெயர் வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குப் பகல்நேரப் பயிற்சி மையம் நடத்துகிறது. இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். பெற்றோரில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள். ஒரு பழைய வேன் காலையில் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளை ஏற்றி வரும், மாலையில் கொண்டுபோய் விடும்.

ஓர் ஆண்டு பெரிய நிறுவனம் ஒன்று உதவ முன்வந்தது. புதுக் கட்டடம், விலையுயர்ந்த கருவிகள், சுவரெல்லாம் வண்ணப் படங்கள் என்று தாராளமாகச் செய்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வண்டி, டீசல், டிரைவர் சம்பளம் இவற்றுக்குப் பணம் தர இயலாது, அது நிர்வாகச் செலவு என்றார்கள். வேனுக்குத் தகுதிச் சான்று (எப்.சி.) எடுக்க வேண்டியிருந்தது, டயர் மாற்ற வேண்டியிருந்தது, கையில் காசில்லை. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, இனிப் பெற்றோரே பிள்ளைகளைக் கூட்டி வரட்டும் என்று நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள்.

மார்ச் முடிந்து கணக்கு என் மேசைக்கு வந்தது. சொத்துப் பட்டியல் நீண்டிருந்தது. டீசல் வவுச்சர் கட்டு ஆகஸ்டோடு நின்றுபோயிருந்தது. குழந்தைகளின் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று தணிக்கையாளனுக்குக் கட்டாயம் இல்லை. நான் கேட்டு வாங்கினேன். இரண்டையும் அருகருகே வைத்துப் புரட்டினேன். செப்டம்பரிலிருந்து வராதவர்களின் குறி வரிசை வரிசையாக இறங்கிவந்தது. முதலில் நின்றவர்கள் தூரத்து ஊர்ப் பிள்ளைகள். அடுத்து, வளர்ந்து எடை கூடியவர்கள். பொங்கலுக்குப் பிறகு வந்தவர்கள் நடந்துவரும் தொலைவில் வீடு இருந்த சிலர் மட்டும். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்களே முதலில் காணாமல் போயிருந்தார்கள். கருவிகள் எல்லாம் துணி போர்த்தி பத்திரமாக இருந்தன.

களப்பணியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போனேன். ஒரு தாய் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "இலவசம்தான் சார், யாரு இல்லைன்னா? பதினோரு வயசுப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறணும்ல. இவனுக்குக் காலு மடங்காது. கண்டக்டர் சீக்கிரம் ஏறும்மாங்கிறாரு. நான் கூட வந்தா எனக்கு அன்னைக்குச் சம்பளம் கிடையாது. சின்னவளுக்கு யாரு சோறு போடுவா?"

இந்தப் பேச்சில் எத்தனை செலவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பஸ் காசு, போன கூலி, துணைக்கு ஆள், வீட்டில் விட்டு வந்த குழந்தையின் பசி, நாலு பேர் முன்னால் படும் கூச்சம். இதில் ஒன்றுகூட மையத்தின் கணக்கில் ஏறாது. மையத்தின் கணக்குப்படி அவளுக்கு எல்லாமே இலவசம்.

அறக்கட்டளையின் அடுத்த கூட்டத்துக்கு வவுச்சர் கட்டையும் வருகைப் பதிவேட்டையும் நானே எடுத்துப் போனேன். அந்த நிறுவனத்தின் பிரதிநிதியும் வந்திருந்தார். எண்களை வரிசையாகப் படித்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார், மறுநிதியாண்டில் வண்டிக்கும் சேர்த்துப் பணம் வந்தது. அதுவரைக்கும் டீசலை உள்ளூர் வியாபாரிகள் சங்கம் ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் சிறு தொகைக்கு வண்டி ஓட்டினார். பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சிலருக்கு அதற்குள் மூட்டுகள் இறுகிவிட்டிருந்தன.

ஏழைக்கு உதவுவது என்றால் பொருளை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வைப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் வீட்டுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் உள்ள தூரம் யார் செலவு? என் தொழில் வாழ்க்கை முழுக்க நான் கேட்டுவரும் கேள்வி இது. ஓர் அறக்கட்டளை நல்லதா என்று அறிய, அதன் கணக்கில் நான் முதலில் தேடுவது வண்டிச் செலவைத்தான்.

இந்தக் கேள்விக்கு இதே மதுரையில் ஒருவர் விடை கண்டார். எங்கள் கரிசல் சீமைக்காரர், எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு கண் அறுவைச் சிகிச்சை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தருபவர்கள் தருவதைக் கொண்டு, தர முடியாதவர்களுக்கும் அதே மருத்துவர்கள் சிகிச்சை செய்யும் ஏற்பாடு அது. பிறகு 1992இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் பாடமாகச் சொல்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது அவர்கள் விட்ட பஸ்ஸைப் பற்றி.

கிராமங்களில் முகாம் போட்டார்கள். கண்புரை என்று கண்டுபிடித்து, அறுவைச் சிகிச்சை இலவசம், மதுரைக்கு வாருங்கள் என்றார்கள். பலர் வரவில்லை. போய்க் கேட்டால் பஸ்ஸுக்குக் காசில்லை, கூட வர ஆளில்லை, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பயமாக இருக்கிறது என்ற பதில்கள் வந்தன. அரவிந்தும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. 90 கிராமங்களில் வெவ்வேறு முறைகளைச் சோதித்தார்கள். சில ஊர்களில் அறுவைச் சிகிச்சை மட்டும் இலவசம். சில ஊர்களில் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து இலவசம். வண்டியும் சோறும் சேர்ந்த இடத்தில் அதிகம் பேர் வந்தார்கள். ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியதும் நன்றாகப் பலித்தது. தன்னைப்போல ஒரு ஏழை, பார்வை திரும்பி, தன் வாசலில் நின்று பேசும்போது பயம் போகிறது.

அதன்படியே ஏற்பாடுகள் அமைந்தன. முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, ஓர் ஊர்க்காரர்களை ஒன்றாகக் கூட்டி வந்து, தங்க வைத்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணாடி தேவைப்படுபவருக்கு முகாம் நடக்கும் இடத்திலேயே லென்ஸ் தேய்த்துப் பொருத்தி அன்றே கையில் கொடுத்தார்கள், மறுபடி அலைய வேண்டாம் என்பதற்காக. முகாமுக்கு உள்ளூர் அரிமா சங்கம், ரோட்டரி, கோயில் கமிட்டி, வியாபாரிகள் என்று யாராவது பொறுப்பேற்பார்கள்.

அதோடும் நிற்கவில்லை. 1999இல் வந்த மற்றோர் ஆய்வு, கண்ணில் கோளாறு இருப்பவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கே வருகிறார்கள் என்று காட்டியது. இத்தனை புகழுக்குப் பிறகும் தங்கள் குறையைத் தாங்களே அளந்து ஊரறியச் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் திறந்து, அங்கிருந்தே இணையம் வழியாக மருத்துவரைப் பார்க்க வழி செய்தார்கள். தங்கள் குறையைத் தாங்களே சொன்ன அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

அரவிந்தில் நான் மதிக்கும் இன்னொன்று, நீங்கள் ஏழையா என்று அங்கே யாரும் சான்று கேட்பதில்லை. பணம் கட்டும் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை வருபவரே தீர்மானிக்கிறார். இதன் அருமை எனக்குத் தெரியும்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக் கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும்போது ஏழை மாணவருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும் தர்ம ஸ்தாபனம் ஒன்றில் விண்ணப்பித்தேன். வருமானச் சான்று வேண்டும் என்றார்கள். அம்மா கர்ணத்தைப் பார்க்கப் போனார், அவர் ஊரில் இல்லை. பிறகு தாலுகா ஆபீஸ், கையெழுத்துப் போடுபவர் முகாம் போயிருந்தார். மறுபடி போனார். கடைசியில் சான்று கிடைத்தது, கட்டணமும் கிடைத்தது. அம்மா இழந்த கூலியையும் பஸ் காசையும் கூட்டிப் பார்த்தேன், வாங்கிய உதவியைவிட அதிகமாக இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மா அன்று கொடுத்த பஸ் காசை மிச்சப்படுத்த இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தபோது, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. அத்தனை பணம் நேற்றுவரை வெறும் போக்குவரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அதை வாசித்தால்தான் ஏழைக் குடும்பத்தின் கணக்கு புரியும்.

பணத்தையே தெருவுக்குக் கொண்டுவந்த உதாரணமும் நம் ஊரில் இருக்கிறது. 1990இல் தொடங்கிய களஞ்சியம், இன்று மதுரை தானம் அறக்கட்டளையின் பணி. ஒரே தெருவைச் சேர்ந்த இருபது பெண்கள்வரை ஒரு குழுவாகச் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள், அவசரத்துக்குத் தங்களுக்குள் கடன் வாங்குகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம், வங்கிக்கு நடையாய் நடக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரிக்கு நம் நிலைமை தெரியும், அதுவே சான்று.

இப்போது கணக்குப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதில் நிறுவனத்தின் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வீணடிப்பைத் தடுக்க வரம்பு வேண்டியதுதான். வண்டிச் செலவு என்ற பெயரில் ஏமாற்றுபவர்களையும் நான் பிடித்திருக்கிறேன். ஓடாத வண்டிக்கு டீசல் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க லாக் புக்கை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் போதும், அரை நாள் வேலை.

ஆனால் இந்த வரம்புகளைக் காட்டி, களத்தில் நடக்கும் ஒவ்வொரு செலவையும் நிர்வாகம் என்று ஒதுக்கும் பழக்கம் வந்துவிட்டது. வீடு வீடாகப் போகும் பெண்ணின் சம்பளம், துணைக்கு வந்தவரின் சாப்பாடு, ராத்திரி தங்க ஒரு பாய் என்று எல்லாம் அதற்குள் போய்விடுகின்றன. நாளைக்கு நீங்கள் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவில் உட்காருவீர்கள். விண்ணப்பத்தில் அந்த வரியைப் பார்த்ததும் சிவப்பு மையால் அடிக்கத் தோன்றும். அடிப்பதற்கு முன் ஒரு தடவை அந்த ஊருக்கு, அவர்கள் போகிற பஸ்ஸிலேயே போய்வாருங்கள். சமூகப்பணி படித்தவர்களே, அந்த வரியை விண்ணப்பத்தில் வெட்கப்படாமல் எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் கூலி என்று விவரமாக எழுதுங்கள். கணக்குப் படித்த உங்கள் நண்பர் அதற்குத் தலைப்பு கொடுப்பார்.

கடைசியாக ஒரு காரியம். நம் மாவட்டத்தில் சிறிய அறக்கட்டளைகள் பல, கணக்கு எழுத ஆளில்லாமல் தவிக்கின்றன. 2021க்குப் பிறகு வருமான வரித் துறைப் பதிவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நன்கொடை தந்தவர்களின் விவரத்தை ஆண்டுதோறும் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அரை நாள் தர முடிந்தவர்கள் வேண்டும். என் அலுவலகத்தில் இந்த அறக்கட்டளைகளின் பட்டியல் வைத்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் நானும் கூட இருந்து சொல்லித்தருவேன். விழா முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம், தண்ணீர்க் குடம் வைத்திருக்கும் மேசையருகே என் உதவியாளர் ஒரு நோட்டோடு நிற்பார். பெயர், ஊர், கைபேசி எண் எழுதிக் கொடுங்கள். போய்வரும் பஸ் காசை எங்கள் அலுவலகம் தரும்.