மூடிப் போட்டிருக்கும் அந்த வண்டி: பழைய கூடார டிரெய்லர் வாங்கிய கதையும் விற்கும் கதையும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘சி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

விருந்தினர் பார்க்கிங்கில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பது என்ன என்று வாட்ஸ்அப் குழுவில் பலமுறை கேட்டுவிட்டீர்கள். செயலாளர் சார், “நீங்களே வந்து பத்து நிமிஷம் பேசிடுங்க” என்றார். அதனால் வந்திருக்கிறேன்.

அது ஒரு கூடார டிரெய்லர். இரண்டு சக்கரம், ஓர் ஆக்சில். ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகலாம். மேலே இருக்கும் பெட்டியைத் திறந்து விரித்தால் நான்கு பேர் படுக்கக்கூடிய கூடாரம். மேடு பள்ளம், மண் பாதை தாங்குகிற மாதிரி செய்தது.

இந்த ஆசை கங்கைகொண்ட சோழபுரத்தில் பிடித்தது. ஆடித் திருவாதிரைக்குப் போயிருந்தோம். ராஜேந்திர சோழனின் கோயில், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. நம்மோடு ஒரு வீடு வந்தால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்காரர், “பக்கத்து ஊர்ல ஒருத்தர் அந்த மாதிரி ஒண்ணு வச்சிருக்காரு, விக்கப்போறாரு” என்றார்.

போய்ப் பார்த்தோம். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர். அங்கே பார்த்த டிரெய்லரை நினைவில் வைத்து, உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்திருந்தார். அழகான வேலை. விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். என் மனைவி “யோசிச்சு சொல்லலாம்” என்றாள். நான் யோசிக்காமல் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வண்டியைச் சரிபார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. “சார், ஆர்.சி. எங்க?” என்றார். பெரியவர் சிரித்தார்: “தம்பி, இன்ஜின் இல்லாத வண்டிக்கு எதுக்குப்பா ஆர்.சி.?” மெக்கானிக் சொன்னார்: “எங்க பக்கம் பழைய டிராக்டர் டிப்பர் வாங்குறவன்கூட மொதல்ல அதைத்தான் கேப்பான். இல்லைன்னா இரும்பு வெலைதான்.”

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் பார்த்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லிலேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் எண் அதன்மேல் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். பதிவு செய்யப் போனால் விற்பனைச் சான்றிதழ், சாலைத் தகுதிச் சான்று எல்லாம் கேட்பார்கள். பெரியவரிடம் இருந்தது பட்டறை எழுதிக்கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. பாவம், அவரும் தெரிந்து ஏமாற்றவில்லை. அட்வான்ஸில் ஐயாயிரம் திருப்பிக் கொடுத்தார். மீதி ஐயாயிரம் எனக்குப் படிப்புச் செலவு.

ஆறு மாதம் கழித்து, ஆர்.சி. உள்ள ஒரு பழைய டிரெய்லர் கோவைப் பக்கம் கிடைத்தது. அதே மெக்கானிக்கை அழைத்துப் போனேன். அவர் பார்த்த வரிசையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் காகிதம். சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தார்.

அடுத்து இரும்பு. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். கொக்கித் தண்டு சேஸிஸோடு சேரும் வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். “மொத்த இழுவையும் இங்கதான் சார்” என்றார். டயரில் பட்டன் நிறைய இருந்தது, எனக்குச் சந்தோஷம். அவர் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்றே கெட்டுப்போன டயர். அதற்கு விலையில் குறைத்தோம்.

கடைசியில் துணி. பகல் வெயிலில் கூடாரத்தை முழுசாக விரித்து, உள்ளே போய் எல்லாவற்றையும் மூடச் சொன்னார். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே மழை ஒழுகும். தையல் ஓரத்தில் கருப்புப் புள்ளியும் பூஞ்சை வாடையும் இருந்தால், ஈரத்தோடு மடித்து வைத்த வண்டி. எல்லா ஜிப்பையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தோம்.

இழுக்கப்போகும் காரையும் மறக்காதீர்கள். அது எத்தனை கிலோ இழுக்கலாம் என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும். இழுக்கவே கூடாது என்று சொல்லும் கார்களும் உண்டு. காப்பீட்டிலும் டிரெய்லர் சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்று வருடம் நன்றாக அனுபவித்தோம். சோழபுரத்துக்கே கொண்டு போய், தெரிந்தவர் தோப்பில் அனுமதி கேட்டு இரண்டு இரவு தங்கினோம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் ஸ்பிரிங் பட்டையின் அருமை தெரிந்தது. இப்போது பையன் படிக்க வெளியூர் போய்விட்டான். வண்டி பார்க்கிங்கில் நிற்கிறது, உங்களுக்கும் தொந்தரவு. விற்க முடிவு செய்தேன்.

போன மாதம் ஒருவர் வந்தார். முழுப் பணமும் கையில். “படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், பேரை அப்புறம் மாத்திக்கிறேன்” என்றார். எனக்கும் பணம் தேவைதான். ஆனாலும் மறுத்துவிட்டேன்.

ஏன் என்றால், 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒரு கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. விபத்து நடந்தது. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அவர் காரை விற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது அப்போது.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படிவம் 29, விற்றேன் என்று விற்பவர் தரும் தகவல். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள். படிவம் 30, பெயர் மாற்ற விண்ணப்பம்; வாங்கியவர் 30 நாளுக்குள் தர வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தால் என்.ஓ.சி. வேண்டும். காப்பீட்டை மாற்றிக்கொள்ள வாங்கியவருக்கு 14 நாள். வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இது டிரெய்லருக்கு மட்டும் இல்லை. நம் குடியிருப்பில் பழைய ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? இன்று இரவே பரிவாகன் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் முழுசாகக் காட்டாது, சில எழுத்துகள்தான் தெரியும். உங்கள் பெயரை அடையாளம் காண அது போதும்.

இப்போது வேறொருவர் பேசியிருக்கிறார், விலை பதினைந்தாயிரம் குறைவு. ஆனால் என்னோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார். பெயர் மாறியதும் விருந்தினர் பார்க்கிங் காலியாகும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.